வாசனை மெழுகுவர்த்தி: எந்த மெழுகு, எந்தத் திரி, யாருக்கு?

வாசனை மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது எந்த மெழுகை வாங்குவது என்பதைத்தான். சோயாவா, பாரஃபினா, தேன்மெழுகா என்று நாள்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து ஒருவழியாக முடிவெடுப்பார்கள். திரியை மட்டும் கடைசி நேரத்தில் ஒரு பொட்டலம் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள ஆறு கண்ணாடிக் குவளைகளில் சோயா மெழுகை ஊற்றி, கையில் இருந்த மெல்லிய பருத்தித் திரியை நட்டு வைத்தேன். ஏற்றியபோது சுடர் அழகாகவே இருந்தது. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் திரியைச் சுற்றி ஒரு சிறிய வட்டம் மட்டும் உருகி, கிணறு தோண்டியதுபோலச் சுடர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. குவளையின் சுவரை ஒட்டிய மெழுகு அசையவே இல்லை. இரண்டாம் நாள் அந்தக் கிணற்றில் தேங்கிய மெழுகிலேயே சுடர் மூழ்கி அணைந்துவிட்டது. ஆறு குவளைகளிலும் பாதிக்கு மேல் மெழுகு எரியாமல் மிஞ்சியது. அதில் கலந்திருந்த வாசனை எண்ணெயும் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது.

அந்த மெழுகில் ஒரு குறையும் இல்லை என்பது பின்னால்தான் புரிந்தது. அதே மெழுகு, அதே குவளை, இரண்டு அளவு பெரிய திரி என்று மாற்றியபோது நன்றாகவே எரிந்தது. மெழுகு, வாசனை எண்ணெய், திரி, குவளை ஆகிய நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். ஆகவே இந்த ஒப்பீட்டில் ஒவ்வொரு பொருளின் குணத்தோடு, அதைத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு சோதனை தலையில் விழும் என்பதையும் சேர்த்தே எடைபோட்டிருக்கிறேன். வீட்டுக்குச் செய்பவருக்கு அது பொழுதுபோக்கின் ஒரு பகுதி. விற்பனைக்குச் செய்பவருக்கோ பெரும்பாலும் அதுதான் உண்மையான முதலீடு.

சோயாவும் பாரஃபினும்

பாரஃபின் பெட்ரோலியத்திலிருந்து, குறிப்பாக மசகு எண்ணெய் சுத்திகரிப்பின் உபபொருளாக, கிடைப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மெழுகுவர்த்தித் தொழிலின் முதுகெலும்பாக இருந்துவருகிறது. ஏறக்குறைய 46 முதல் 68 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு உருகுநிலைகளில் அது கிடைப்பதால், குவளைக்கு மென்மையான வகை, தூண்போல் தனித்து நிற்கும் மெழுகுவர்த்திக்குக் கடினமான வகை என்று பிரித்து வாங்க முடியும். உருகியதும் தண்ணீர்போல நீர்த்துவிடும். அதனால் சுடரைச் சுற்றித் தேங்கும் மெழுகுக் குளத்திலிருந்து வாசனை எளிதாகக் கிளம்பி அறையை நிரப்புகிறது. எரியும்போது வரும் மணம் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் பாரஃபினை வெல்வது கடினம். சாயமும் அதில் பளிச்சென்று பிடிக்கும்.

குளிரும்போது நன்றாகச் சுருங்குவது பாரஃபினின் முக்கியமான தொல்லை. குவளையில் ஊற்றி ஆறவிட்டால் திரியைச் சுற்றி ஒரு பள்ளம் விழும். சில நேரம் மேற்பரப்பு ஒழுங்காக இருந்தாலும் உள்ளே ஒரு காற்றுப்பை ஒளிந்திருக்கும். சிறிது மெழுகை எடுத்துவைத்து, முதல் ஊற்று உறைந்த பிறகு குச்சியால் குத்திப் பார்த்து இரண்டாம் முறை ஊற்றித்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். அச்சில் வார்ப்பவருக்கு இந்தச் சுருக்கமே வரம், ஏனெனில் ஆறிய மெழுகு அச்சுச் சுவரிலிருந்து தானாகவே விலகி வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். குவளை மெழுகுவர்த்திக்கென்று விற்கப்படும் மென்மையான சோயாவை அச்சில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்: விளிம்பு உடையும், மேல்தோல் பிய்ந்து அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சோயா மெழுகு சோயா எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிச் செய்யப்படுவது; 1990களில்தான் மெழுகுவர்த்திச் சந்தைக்கு வந்தது. குவளைக்கான வகைகள் பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டி உருகிவிடும். சுருக்கம் குறைவு என்பதால் பெரும்பாலும் ஒரே ஊற்றில் வேலை முடிந்துவிடும். சிந்தினால் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவினால் போய்விடும். சமையலறை மேடையில் வேலை செய்பவருக்கு இது சிறிய வசதி இல்லை. வெண்மையான, பால்போன்ற அதன் தோற்றமும் பலருக்குப் பிடித்தது.

சோயாவின் குறைகளைச் சொல்லும்போது பலரும் அழகு சார்ந்தவற்றையே முதலில் சொல்வார்கள், அவை உண்மையும்கூட. மேற்பரப்பில் உப்புப் பூத்ததுபோல வெள்ளைத் திட்டுகள் படர்வது அதன் கொழுப்பு மூலக்கூறுகள் வேறுவேறு படிக வடிவங்களில் உறைவதால் வருவது. எரிதலுக்கு அதனால் கேடில்லை என்றாலும், நிறம் சேர்த்த மெழுகில் அது அசிங்கமாகத் தெரியும். ஆகவே சோயாவைத் தேர்ந்தெடுப்பவர் சாயத்தை மறந்துவிடுவதே நல்லது. இதைவிடப் பெரிய குறை, சோயாவில் வாசனை மெதுவாகவே வெளிவருகிறது என்பதாகும். பாரஃபினில் இரண்டு மூன்று நாளில் சோதித்துவிடக்கூடிய ஒரு வாசனையைச் சோயாவில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை மூடி வைத்து முதிரவிட்ட பிறகே நியாயமாகச் சோதிக்க முடியும். மறுநாளே ஏற்றிப் பார்த்துவிட்டு மணமே இல்லை என்று எண்ணெயைக் குறை சொல்வது தொடக்கக்காரர்கள் எல்லோரும் செய்வது.

சோயா தாவரத்திலிருந்து வருவதால் நச்சில்லாதது, பாரஃபின் பெட்ரோலியம் என்பதால் நச்சு என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. எந்த மெழுகும் சூடேறி ஆவியாகி எரியும்போது அடிப்படையில் நடப்பது ஒன்றுதான். சுடர் அமைதியாக இருந்தால் கரியமில வாயுவும் நீராவியுமே பெரும்பகுதி. திரி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, நீண்டு வளர்ந்திருந்தாலோ, காற்றில் சுடர் அலைந்தாலோ, எரிதல் முழுமையாகாமல் புகைக்கரி வருகிறது. சோயாவிலும் வரும், தேன்மெழுகிலும் வரும். மூலப்பொருளின் சூழல் விளைவைப் பற்றிக் கவலைப்படுவது வேறு, நியாயமான கேள்வி. புதைபடிவ எரிபொருளைத் தவிர்க்க விரும்பி ஒருவர் சோயாவைத் தேர்ந்தெடுத்தால் அது தெளிவான காரணம். ஆனால் விற்பவர் தம் லேபிளில் உடல்நலத்தை வாக்குறுதியாக எழுதுவது, காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுப்பதாகும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் சோயாவும் பாரஃபினும் கலந்த மெழுகு தயாராகவே விற்கப்படுகிறது. மணத்தில் பாரஃபினின் வேகமும், ஊற்றுவதில் சோயாவின் எளிமையும் ஓரளவு சேர்ந்து வரும். வெள்ளைத் திட்டும் குறையும். சிறு விற்பனையாளருக்கு என் முதல் பரிந்துரை இதுதான், ஒரு நிபந்தனையோடு: பெட்டியில் சோயா மெழுகுவர்த்தி என்று மட்டும் எழுதிவிட்டுக் கலவையை மறைக்கக் கூடாது. கலவை என்று வெளிப்படையாகச் சொன்னதால் எந்த வாடிக்கையாளரும் என்னிடமிருந்து விலகிப் போனதில்லை.

மற்ற மெழுகுகள்

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கடினமானது, மெதுவாக எரிவது, தனக்கென்று இதமான தேன் மணம் கொண்டது. அந்தச் சொந்த மணமே வாசனை மெழுகுவர்த்திக்கு இடைஞ்சல். லாவெண்டரைக் கலந்தால் தேனும் லாவெண்டரும் கலந்த ஏதோ ஒன்று கிடைக்கும். மென்மையான மலர் மணங்கள் அதில் அமுங்கிப்போகும். பிசுபிசுப்பு அதிகம் என்பதால் பெரிய திரி கேட்கும். பாத்திரத்தில் ஒட்டினால் சோயாபோல எளிதில் போகாது. விலையிலும் எப்போதும் மேல்வரிசைதான். அது எரியும்போது காற்றைத் தூய்மைப்படுத்துகிறது என்று சொல்லி விற்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வாசனை எதுவும் சேர்க்காமல் வீட்டுக்கென்று நீள மெழுகுவர்த்தி செய்பவருக்கு இதைவிட நிறைவு தரும் மெழுகு இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேங்காய் மெழுகு மிகவும் மென்மையானது. தனியாகப் பயன்படுத்தினால் வெயில் நாளில் குவளைக்குள்ளேயே இளகிவிடும் என்பதால் சோயாவோடோ வேறு கடின மெழுகோடோ கலந்தே பெரும்பாலும் வருகிறது. அந்தக் கலவைகளில் வாசனை நன்றாகப் பரவுகிறது, மேற்பரப்பும் வெண்ணெய்போல வழவழப்பாக அமைகிறது. விலை கூடுதல் என்பதோடு, வெப்பமான இடங்களுக்கு வண்டியில் அனுப்பும்போது மூடிக்குள் இளகிச் சரிந்து சேரும் ஆபத்தும் உண்டு. நேரில் கைமாற்றி விற்பவர் இதை யோசிக்கலாம். தொலைவுக்கு அனுப்புபவர், அனுப்பும் காலத்து வெயிலில் ஒரு குவளையை நாள் முழுக்க மூடிய வண்டிக்குள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

பாமாயில் மெழுகு உறையும்போது இறகுபோன்ற படிகக் கோலங்கள் விழும். தூண் மெழுகுவர்த்திக்கு அழகு. ஆனால் காட்டழிப்பு என்ற கேள்வி அதன் பின்னாலேயே வரும், அதற்குப் பதில் வைத்திருப்பவரே அதை வாங்க வேண்டும். ஜெல் மெழுகு உண்மையில் மெழுகே இல்லை. கனிம எண்ணெயோடு பாலிமர் சேர்த்துக் கூழாக்கியது. அதில் எல்லா வாசனை எண்ணெயும் கரையாது, கரையாதது தனித்து நின்று தீப்பற்றும் அபாயம் உண்டு. புதிதாகத் தொடங்குபவர் இதைத் தொடாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

வாசனை: எண்ணெயா, தைலமா?

வாசனைக்கு இரண்டு வழிகள். ஒன்று மெழுகுவர்த்திக்கென்றே கலக்கப்படும் வாசனை எண்ணெய். அதில் செயற்கை, இயற்கை இரண்டு வகை மூலப்பொருள்களும் இருக்கலாம். மற்றது எசென்ஷியல் ஆயில் எனப்படும், தாவரத்திலிருந்து வடித்தெடுத்த தைலம். இயற்கையானது என்ற சொல்லின் ஈர்ப்பால் தைலத்தின் பக்கம் சாய்பவர்கள் நிறையப் பேர். ஆரஞ்சுத் தோல் தைலத்தோடு நான் செய்த முதல் தொகுதியில், கலக்கும்போது வீடு முழுக்க மணத்தது. முதிர்ந்த பிறகு மூடியைத் திறந்தால் மெல்லிய மணம். ஏற்றினாலோ ஒன்றுமே இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் மூலக்கூறுகள் இலேசானவை, சூட்டில் சீக்கிரம் பறந்துவிடுபவை. பச்சௌலி, இலவங்கம், எலுமிச்சைப்புல் போன்றவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். தேவையான அளவுக்கு நல்ல தைலத்தைச் சேர்த்தால் மெழுகின் விலையைத் தைலத்தின் விலை பல மடங்கு தாண்டிவிடும். அவ்வளவு அடர்த்தியான தைலத்தை மூடிய அறையில் ஆவியாக்குவது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் சொல்வதற்கில்லை. பூனை வளர்க்கும் வீட்டில் தேயிலை மரத் தைலத்தை நெருங்கவே விடக் கூடாது. அது பூனைக்கு நச்சு.

வீட்டுக்கு என்றால் தைலத்தை முயன்று பார்ப்பதில் தவறில்லை. விற்பனைக்கு என்றால் வாசனை எண்ணெய்தான், அதுவும் பாதுகாப்புத் தரவுத் தாளும், இஃப்ரா எனப்படும் பன்னாட்டு நறுமண அமைப்பின் வரம்புச் சான்றிதழும் தரும் விற்பனையாளரிடமிருந்து மட்டும். 1973இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, பொருளின் பயன்பாட்டைப் பொறுத்து ஒவ்வொரு நறுமணப் பொருளையும் எவ்வளவு வரை சேர்க்கலாம் என்று வகைப்படுத்துகிறது. சான்றிதழில் மெழுகுவர்த்திக்குரிய வகையைத் தேடிப் பார்க்க வேண்டும். சோப்புக்கான எண்ணைப் பார்த்துவிட்டுக் குழம்புவது எளிது.

எவ்வளவு சேர்ப்பது என்பதில் பெரும்பாலான மெழுகுகளுக்கு 6 முதல் 10 விழுக்காடு வரை என்பது நடைமுறை. அதிகம் சேர்த்தால் அதிகம் மணக்கும் என்று நினைத்து 12, 15 என்று ஏற்றினால், மெழுகு பிடித்துவைக்க முடியாத எண்ணெய் வியர்வைபோல மேலே கசியும், திரியை அடைத்துப் புகைய வைக்கும், சில வேளைகளில் மேற்பரப்பிலேயே தீப்பிடிக்கும். இந்த விழுக்காடு மெழுகின் எடைக்குத்தான், மொத்த எடைக்கு இல்லை. 1000 கிராம் மெழுகுக்கு 8 விழுக்காடு என்றால் 80 கிராம் எண்ணெய், மொத்தம் 1080 கிராம். மொத்தமே 1000 கிராம்தான் வேண்டும் என்றால் 1000ஐ 1.08ஆல் வகுத்து, 926 கிராம் மெழுகும் 74 கிராம் எண்ணெயும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே எடுக்க வேண்டும். வாசனை எண்ணெய்களின் அடர்த்தி ஒன்றுக்கொன்று வேறுபடுவதால் மில்லி கணக்கு கைகொடுக்காது. வனிலின் கலந்த எண்ணெய்கள் நாளாக ஆக மெழுகைப் பழுப்பாக்கும் என்பதையும் வெள்ளை மெழுகுவர்த்தி விற்பவர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

திரிதான் முடிவு செய்கிறது

1820கள் வரை மெழுகுவர்த்தியின் திரியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கம்பாசெரே என்ற பிரெஞ்சுக்காரர் திரியை முறுக்குவதற்குப் பதிலாகப் பின்னிப் பார்த்தார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைந்து சுடரின் வெளிப்புறச் சூட்டுக்குள் நீண்டு, நுனியைத் தானே எரித்துக்கொண்டது. அதே காலத்தில், 1825இல், செவ்ருல், கே-லுசாக் என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவரும் கொழுப்பிலிருந்து பிரித்த ஸ்டியரிக் அமிலத்தால் மெழுகுவர்த்தி செய்யக் காப்புரிமை பெற்றார்கள். நல்ல மெழுகும் நல்ல திரியும் ஏறக்குறைய ஒன்றாக வந்ததால்தான் இன்றைய மெழுகுவர்த்தி பிறந்தது. திரியை மறந்து மெழுகை மட்டும் பேசுபவர்களுக்கு இதை நினைவூட்டத் தோன்றுகிறது.

திரியில் தேர்வு மூன்று. பின்னிய பருத்தித் திரி, அதில் காகித இழை கலந்தது உட்பட, பெரும்பாலான குவளைகளுக்குப் போதும். எண்ணிட்ட அளவு வரிசைகளில் கிடைப்பதால் ஒரு படி ஏற்றியோ இறக்கியோ சோதிக்க முடியும். நடுவில் உலோக இழை வைத்த திரி நிமிர்ந்து நிற்கும். இப்போது துத்தநாகம் பயன்படுகிறது. ஈய இழை வைத்த திரிகளை அமெரிக்கா 2003இல் தடைசெய்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய சரக்கில் உலோகத் திரி இருந்தால் வாங்காதீர்கள். மூன்றாவது மரத்திரி: மெல்லிய மரத்தகடு, விறகு வெடிப்பதுபோன்ற சன்னமான ஓசையோடு அகலமான சுடர் தரும். வாடிக்கையாளரை உடனே கவர்வது அதுதான். அடிக்கடி அணைந்து புகார் கொண்டுவருவதும் அதுதான். மரம் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் வேறுபடும். முதல் ஆண்டில் மரத்திரியோடு விற்பனைக்கு இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சோதனை எப்படி நடக்கும் என்பதை ஒரு குவளையைக் கொண்டே காட்டுகிறேன். ஏழு சென்டிமீட்டர் அகலம், 200 கிராம் கலவை மெழுகு, 8 விழுக்காடு எண்ணெய், அளவில் அடுத்தடுத்த மூன்று திரிகள், ஆக மூன்று குவளைகள். ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் சிறிய திரியின் குளம் இரண்டு விரல் அகலம். நடுத்திரியின் குளம் சுவரை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. பெரிய திரியின் குளம் அதற்குள் சுவரைத் தொட்டுவிட்டது. மூன்றாம் மணி நேரத்தில் நடுத்திரியின் குளமும் சுவரைத் தொட்டது, ஆழம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். பெரிய திரியின் நுனியில் காளான்போலக் கரி திரண்டு, சுடர் நீண்டு துடித்து, குவளையின் வாய்விளிம்பில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. கண்ணாடியைக் கையால் பிடிக்க முடியவில்லை. நான்காம் மணி நேரத்தில் மூன்றையும் அணைத்து, முழுக்க ஆறிய பிறகு எடை பார்த்தபோது நடுத்திரி மணிக்கு ஐந்து கிராம் அளவில் மெழுகைத் தின்றிருந்தது. அப்படியானால் 200 கிராம் சுமார் 40 மணி நேரம் எரியும். நான்கு மணி நேரத் தவணையில் பத்துத் தவணை. பெட்டியில் எத்தனை மணி நேரம் என்று எழுதும் எண் இப்படித்தான் வர வேண்டும். முதல் தவணையில் நன்றாக எரியும் திரி குவளையின் அடிப்பாதியில் சூடு தேங்கி அதிகமாகிவிடலாம் என்பதால் பத்துத் தவணையையும் பார்த்தே தீர வேண்டும்.

இந்தக் கணக்குதான் தேர்வுகளை மட்டுப்படுத்தச் சொல்கிறது. இரண்டு மெழுகு, மூன்று வாசனை, நான்கு திரி என்று ஆசைப்பட்டால் 24 குவளைகள், 240 தவணைகள். ஒரே மெழுகு, மூன்று வாசனை, மூன்று திரி என்றால் 9 குவளைகள், 90 தவணைகள். குவளையின் அளவில் இரண்டு வைத்தால் இரண்டும் இரட்டிப்பாகும். ஒரு வாசனைக்குச் சரியாக அமைந்த திரி அடுத்த வாசனைக்கும் சரியாக அமையும் என்று நம்பிவிடவும் முடியாது, ஏனெனில் சில எண்ணெய்கள் சுடரை அடக்கும், சில தூண்டிவிடும்.

குவளையும் அடுப்பும்

குவளையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. நேரான சுவருள்ள, சூடு தாங்கும்படி பதப்படுத்திய தடித்த கண்ணாடி எல்லா வகையிலும் பாதுகாப்பான தேர்வு. தகர டப்பா உடையாது, எடை குறைவு, அனுப்ப எளிது. ஆனால் அடிப்பாகம் சுடும், மேசையைக் கறுக்க வைக்கும். வாய் குறுகிய அழகுப் பாத்திரங்களில் மேலே வரும்போது சூடு தேங்கும். சிமெண்டுக் குவளையும் மண் குவளையும் உறிஞ்சும் தன்மையுள்ளவை. உட்புறம் பூச்சில்லாமல் ஊற்றினால் மெழுகையும் எண்ணெயையும் குடித்துவிடும், குவளையே திரியாக மாறும் அபாயமும் உண்டு. பழைய ஒயின் கோப்பையில் செய்த மெழுகுவர்த்தி பரிசுக்கு அழகுதான், ஆனால் அந்தக் கண்ணாடி சூட்டுக்காகச் செய்யப்பட்டதில்லை. மேலே தூவும் காய்ந்த பூக்களும் அப்படியே: படத்துக்கு அழகு, சுடர் நெருங்கினால் இரண்டாவது திரி.

உருக்குவதில் நேரடி அடுப்பு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம், மின்சார மெழுகு உருக்கி என்று மூன்று வழிகள். நேரடி அடுப்பை ஒப்பீட்டிலேயே சேர்க்கக் கூடாது. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் நீர்ப்பாத்திர முறை தானாகவே ஒரு பாதுகாப்பு எல்லையைக் கொடுக்கிறது. சில கிலோ வரை அதுவே போதும். வாரத்துக்குப் பத்துக் கிலோவைத் தாண்டும்போது வெப்பக் கட்டுப்பாட்டுள்ள மின்சார உருக்கி உழைப்பை மிச்சப்படுத்தும். எந்த முறையானாலும் வெப்பமானி இல்லாமல் தொடங்க வேண்டாம். மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் மெழுகை எட்டுத் திசையும் வீசிவிடும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வீட்டுக்கு ஒன்று, விற்பனைக்கு ஒன்று

வீட்டுக்கு மட்டும் செய்பவருக்கு என் தேர்வு சோயா. சிந்தினால் கழுவலாம், ஒரே ஊற்று, வெள்ளைத் திட்டு வந்தால் யாரும் திருப்பிக் கேட்கப்போவதில்லை. இரண்டு வாரம் காத்திருப்பதும் சிரமமில்லை. வாசனையே வேண்டாம் என்றால் தேன்மெழுகு.

விற்பனைக்கு என்றால் அளவுகோல் மாறுகிறது. நன்றாக ஒரு முறை வந்தால் போதாது, ஐம்பதாவது குவளையும் முதல் குவளைபோல எரிய வேண்டும். ஒருமுறை பன்னிரண்டு குவளைக்கு ஆர்டர் வந்தபோது, வழக்கமாக வாங்கும் இடத்திலிருந்தே, அதே பெயரிட்ட மெழுகின் புதிய மூட்டை வந்தது. ஊற்றி ஆறியதும் பன்னிரண்டும் சுவரிலிருந்து விட்டுவிட்டு ஒட்டி, ஈரத்திட்டு போலத் தெரிந்தன. எரிந்தபோது குளமும் முன்னைப்போலச் சுவரைத் தொடவில்லை. தயாரிப்பில் ஏதோ மாறியிருந்தது, யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையின் தொகுதி எண்ணையும் நோட்டில் எழுதி, புதிய மூட்டை பிரித்ததும் ஒரு குவளை ஊற்றி எரித்துப் பார்த்த பிறகே ஆர்டரைத் தொடுகிறேன். தாவர மெழுகுகளில் இந்த மாறுபாடு சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது என்பது என் அனுபவம். விற்பனைக்குக் கலவை மெழுகைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

எச்சரிக்கை லேபிளை அலங்காரத்துக்குப் பிறகு யோசிக்கும் பொருளாக வைக்காதீர்கள். கண்ணெதிரே எரிய வேண்டும், எரியக்கூடிய பொருளுக்கு அருகில் வைக்கக் கூடாது, குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டக் கூடாது என்ற மூன்றும் எங்கும் அடிப்படை. அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப் 2058, ஐரோப்பாவில் ஈஎன் 15494 ஆகிய தரங்கள் இவற்றுக்கு வடிவம் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றால் வாசனை எண்ணெயின் ஒவ்வாமைப் பொருள்களை சிஎல்பி என்ற வேதிப்பொருள் லேபிள் விதிமுறையின்படி குறிக்கவும் வேண்டும். நீங்கள் எங்கு விற்கிறீர்களோ அந்த இடத்து விதியைத் தொடங்கும் முன்பே படித்துவிடுங்கள். திரியை ஒவ்வொரு முறையும் 6 மில்லிமீட்டருக்குக் கத்தரிக்க வேண்டும், ஒரே மூச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்கக் கூடாது, அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும் என்பவற்றையும் அச்சிட்டுக் கொடுத்தால் பாதிப் புகார்கள் வராது.

சீக்கிரம் விற்பனையைத் தொடங்க வேண்டும், நூறு தவணை எரித்துப் பார்க்க நேரமில்லை என்பவருக்கு இரண்டு சிறிய வழிகள் உண்டு. ஒன்று, திரியே இல்லாத மெழுகு வில்லைகள். சூடேற்றும் தட்டில் வைத்து உருக்குவதால் திரிச் சோதனையே கிடையாது, வாசனை எவ்வளவு பரவுகிறது, தட்டின் சூட்டில் எண்ணெய் பிரிகிறதா என்பவற்றை மட்டும் பார்த்தால் போதும். மற்றது, நான்கு மணி நேரத்தில் எரிந்து முடியும், டீலைட் எனப்படும் சிறு கிண்ண மெழுகுவர்த்தி. ஒரு மாலையிலேயே மூன்று திரிகளின் முழு வாழ்நாளையும் பார்த்துவிடலாம். அங்கே சரியாக அமைந்த திரி எண்ணைப் பெரிய குவளைக்கு அப்படியே எடுத்துச் செல்ல முடியாது; ஆனால் எந்த வாசனையை மக்கள் மறுபடி கேட்டு வருகிறார்கள் என்பது தெரிந்துவிடும், பெரிய குவளையின் தொண்ணூறு தவணைகளை எந்த மூன்று வாசனைக்குச் செலவிடுவது என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.